ஏழு ஹேங்கர்களும் ஒரு மூச்சும்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு ('அன்புள்ள' என்பது வழக்கத்துக்காகப் போட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே),

இதனால் சகலருக்கும், குறிப்பாக உனக்கும், கனத்த இதயத்தோடு அறிவிப்பது யாதெனில்: உன் அலமாரியின் இடது கதவுக் கைப்பிடி நேற்று மாலை ஐந்தே முக்கால் மணிக்குக் கழன்று, என் கால் கட்டைவிரல் மேல் விழுந்து, தன் நீண்ட நெடிய பொதுவாழ்விலிருந்து ஓய்வு பெற்றது. அன்னாருக்கு வயது பதினொன்று. இறுதி ஊர்வலம் குப்பைக்கூடை வரை போய்விட்டது. அம்மா வழிமறித்து, "ஸ்க்ரூ போட்டா சரியாயிடும்டா, தூக்கிப் போடறதுக்குன்னே பிறந்திருக்கே" என்று மீட்டுவிட்டாள்.

நீ என் எண்ணை பிளாக் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்ற நுட்பத்தை இன்று காலையில்தான் கண்டுபிடித்தேன். மைக்கில் சொல்ல முடியாததை மையில் சொல்கிறேன்.

அடுத்த செய்தி. உன் அலமாரி இனி அலமாரி இல்லை, ஸ்டூடியோ. நடுத்தட்டை எடுத்துவிட்டேன். மூன்று பக்கமும் கம்பளி. மைக் அப்பாவின் பழைய குடைப்பிடியில் கட்டப்பட்டிருக்கிறது. 'ப', 'ப' என்று பாடும்போது காற்று அடித்து வெடிக்காமலிருக்க, அம்மாவின் எம்பிராய்டரி வளையத்தில் அப்பாவின் சாக்ஸை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். துவைத்த சாக்ஸ்தான். ஓரளவுக்கு. பாடகன் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டால், உலகத்தில் மிச்சம் இருப்பது என் குரலும் அப்பாவின் பாதங்களும்தான்.

ஒரே தொல்லை அம்மாவின் தையல் மெஷின். பள்ளி திறக்கப்போகிறது, சீருடை மலைபோல் குவிந்திருக்கிறது. "அம்மா, ரெக்கார்டிங்!" என்றால், "காலர்!" என்கிறாள். இருவரும் பேச்சுவார்த்தை நடத்தி, அவள் நூல் மாற்றும் நேரத்தில் நான் பாடுவது என்று உடன்படிக்கை ஆகியிருக்கிறது. ஆகவே என் பாட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு நூல்கண்டு நீளம்.

பாட்டு ஏழு எண்ணிக்கைத் தாளம். ஊரே நான்கு, எட்டு என்று போகும்போது ஏழு! உன் அலமாரியில் தொங்கும் கம்பி ஹேங்கர்களைத் தட்டித்தான் தாளம். முன்பு எட்டு இருந்ததாக ஞாபகம். இப்போது ஏழு. எதுவானால் என்ன, மேதைகள் கிடைத்ததை வைத்துப் படைப்பார்கள்.

நீ இல்லாமல் வீடு விசாலமாக இருக்கிறது. உன்னை யாரும் தேடவில்லை. நான் முக்கியமாகத் தேடவில்லை.

இப்படிக்கு,
அலமாரி அரங்கத்தின் நிறுவனர், இசையமைப்பாளர், பாடகர், காவலாளி

*

ஜூன் 11

தம்பிக்கு,

அம்மா போனில், "அவனுக்கு ரெண்டு வரி எழுதிப் போடேன்" என்றாள். அம்மாவுக்காக எழுதுகிறேன்.

ஸ்க்ரூ சமையலறை மேல்தட்டில் நீலமூடி டப்பாவில் இருக்கிறது. ஒரு சந்தேகம்: கைப்பிடி இருப்பது கதவுக்கு வெளியே. அப்போது நீ இருந்தது உள்ளே என்று அம்மா சொன்னாள். உள்ளே இருந்தவன் கால் மேல் அது எப்படி விழுந்தது?

மற்றது. நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இந்த வேலைக்கான நேர்காணலுக்கு முன்பு மூன்று நாள் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. நீ சுவருக்கு அந்தப் பக்கம் மைக்கை வைத்தாய். "என்னோட பலம் பொறுமை. என்னோட பலவீனம், அதுவும் பொறுமை" என்று நான் திக்கித் திக்கிச் சொன்னதை வெட்டி, ஒட்டி, அடியில் டம்டம் போட்டு, நான் ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள், உறவினர் அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீக்கரில் போட்டாய். "பல-பல-பலவீனம்." மாமா எழுந்து ஆடினார். இப்போதும் போன் செய்தால், "என்னம்மா பலவீனம், சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தக் காது மருத்துவமனையில் முதல் நாள் மருத்துவர் என்னிடம், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தேன். உன் டம்டம் கேட்டது. வார்த்தை வரவில்லை.

உன் நகைச்சுவை உணர்ச்சிக்கு நன்றி. ஸ்டூடியோவுக்கு வாழ்த்து. என் துணி எதையும் கம்பளிக்குப் பதிலாக ஆணி அடித்து மாட்டாதே.

அக்கா

*

ஜூன் 16

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கைப்பிடி பற்றிய கேள்வி சட்டச்சிக்கல் நிறைந்தது, பிறகு பார்ப்போம்.

குழாய் விஷயம் எனக்குத் தெரியாது. தண்ணீர் ஓடிய சத்தம் கேட்டது. குளிக்கிறாய் என்று நினைத்தேன். அந்தப் பாட்டை அழித்துவிட்டேன், ஒரு பிரதிகூட இல்லை. மாமா போனிலிருந்ததையும் அவர் அசந்தபோது அழித்தேன். கூடவே அவர் குடும்பப் படம் நான்கும் போய்விட்டது. அது விபத்து.

இது மன்னிப்பா என்று கேட்டால், மன்னிப்பின் ஒத்திகை என்று வைத்துக்கொள். எனக்கு இது பழக்கமில்லாத ராகம்.

இனி வேலை. நகர வானொலியில் 'சொந்தப் பாட்டு' என்று போட்டி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் இசையமைத்து, வாடகை ஸ்டூடியோ இல்லாமல் தானே பதிந்த பாட்டு; வீட்டார் சேர்ந்துகொள்ளலாம். பரிசு பெறும் மூன்று பாட்டும் ஒலிபரப்பாகும், முதலாவதாக வருபவர் அவர்களின் நிஜ ஸ்டூடியோவில் ஒருநாள் முழுக்கப் பதிவு செய்யலாம். நிஜ ஸ்டூடியோ, அக்கா! சாக்ஸ் இல்லாத ஸ்டூடியோ! கடைசித் தேதி ஜூலை இருபத்தைந்து. படிவத்தில் விதி நான்கு: 'பதிவில் எவருடைய குரல் கேட்கிறதோ, அவர் ஒவ்வொருவரும் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும்.'

இங்கேதான் சிக்கல். பாட்டில் உன் குரல் இருக்கிறது. பயப்படாதே, ஒரு வார்த்தைகூட இல்லை. நீ சீருடைகளுக்கு இஸ்திரி போட்டபோது ஒருநாள் முனகிக்கொண்டிருந்தாய், நான் மைக் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விநாடி 'ம்ம்ம்'. சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே வைத்தேன். நான் பாடுவதெல்லாம் அதுவரை போய்ச் சேருவதற்கான வழி மாதிரி ஆகிவிட்டது.

பாட்டின் பெயர் 'ஏழு ஹேங்கர்'. நகைச்சுவைப் பாட்டு.

ஏழு ஹேங்கர் தொங்குது,
ஏழுக்கும் தோள் இல்லை.
காத்து வந்து கேட்குது:
சட்டை எங்கே? பதில் இல்லை.

பென் டிரைவை இத்துடன் அனுப்புகிறேன். அம்மா அதற்கு காலர் துணியில் ஓர் உறை தைத்து, பட்டன்கூட வைத்துவிட்டாள். படிவத்தையும் வைத்திருக்கிறேன். பென்சிலால் 'x' போட்ட இடத்தில் ஒரே ஒரு கையெழுத்து.

எதிர்பார்ப்புடன்,
மாமாவின் குடும்பப் படங்களை அழித்தவன்

*

ஜூன் 24

தம்பிக்கு,

கேட்டேன்.

எங்கே கேட்டேன் தெரியுமா? என் பரிசோதனை அறையில். வேலை என்னவென்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. ஒரு சின்ன அறை, சுவர் முழுக்க மெத்தை மாதிரி. கதவைச் சாத்தினால் நம் வயிறு பேசுவது நமக்கே கேட்கும். வருகிறவருக்கு ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பேன். நான் வெளியே கண்ணாடிக்கு அப்பால் இருந்து மெல்லிய சத்தங்களை அனுப்புவேன். கேட்டால் அமுக்க வேண்டும். எவ்வளவு மெல்லியது வரை கேட்கிறது என்று குறித்துக்கொள்வேன். சென்ற வாரம் ஒரு வெல்டர் வந்தார். நான் சத்தமே அனுப்பாதபோதும் அமுக்கிக்கொண்டே இருந்தார். "ஏன் சார்?" என்றேன். "பாவம், நீங்க அந்தப் பக்கம் காத்துக்கிட்டே இருக்கீங்களேன்னு அமுக்கினேன்" என்றார்.

சாப்பாட்டு இடைவேளையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல ஹெட்போனில் உன் பாட்டைக் கேட்டேன். இதோ என் அறிக்கை. பிரிட்ஜ் ஓடுகிறது. ஐம்பதாவது விநாடியில் அப்பா பஸ் டிப்போவிலிருந்து வந்து சாவியை ஆணியில் மாட்டுகிறார். ஒன்று இருபதில் அம்மா நூலைப் பல்லால் கடிக்கிறாள். (கத்தரிக்கோல் இருக்கும்போது ஏன் கடிக்கிறாள்? சொல்.) எதிரொலியைச் சாம்பார்க் கரண்டியில் அள்ளி ஊற்றியிருக்கிறாய். பாதியை எடு. நீ துணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுகிறாய். துணியைப் பார்த்துப் பாடு, கதவில் மோதித் திரும்பும் சத்தம் குறையும்.

பாட்டு நன்றாக இருக்கிறது. நீ சொல்கிற மாதிரி நகைச்சுவைப் பாட்டாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு கேள்வி. இரண்டு நிமிடம், பதினொரு விநாடி. கடைசிச் சுற்றில் 'ஏழுக்கும்' என்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் ஈரமான சத்தம். அதனால் அந்த இடத்தில் மட்டும் ஏழு எண்ணிக்கை எட்டாகிவிடுகிறது. விரல் விட்டு எண்ணினேன். என்ன அது?

கையெழுத்துக்கு வருகிறேன். போட மாட்டேன். அந்த முனகலை நீ கேட்டு வாங்கவில்லை. போன முறையும் கேட்காமல்தான் எடுத்தாய். அது கூடத்துக்குப் போயிற்று, இது வானொலிக்குப் போகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். படிவத்தை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டேன்.

அக்கா

*

ஜூன் 29

மேன்மைதங்கிய காது நிபுணர் அவர்களுக்கு,

தங்கள் அறிக்கை கிடைத்தது. தங்கள் பத்து விநாடி முனகலைப் பாட்டிலிருந்து கண்ணியமாக வெளியேற்றிவிட்டேன். ஒரு முனகலுக்கு இவ்வளவு கிராக்கி என்றால் நாட்டில் முனகத் தெரிந்தவர் வேறு இல்லையா என்ன?

இரண்டு நிமிடம் பதினொன்றில் இருப்பது கலை. புரியாதவர்களுக்கு விளக்க நேரமில்லை.

வணக்கம்.

பின்குறிப்பு: அம்மாவை முனகச் சொன்னேன். முனகினால் கால் நின்றுவிடுகிறது, மெஷின் ஓட்டினால் முனகல் நின்றுவிடுகிறது.

பின்குறிப்பின் பின்குறிப்பு: அப்பாவை முனகச் சொன்னேன். "வலி வந்தாத்தான்டா முனகுவாங்க" என்றார்.

இன்னொரு பின்குறிப்பு: நானே முனகிப் பார்த்தேன். கொசு போல இருக்கிறது. அந்த இடத்தை வெறுமனே விட்டுப் பார்த்தேன். ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. கேட்டால் நாக்கு அங்கேயே போகிறது.

கடைசிப் பின்குறிப்பு: கூடத்துக்குப் போனது, வானொலிக்குப் போவது என்று எழுதியிருந்தாயே. அந்த வரி சரி.

*

ஜூலை 12

டேய் குரங்கே,

அம்மா நேற்று போனில் எல்லாம் சொன்னாள். சொல்ல முடியாமல் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பாதியில் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

மாமா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது நீ அதே ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போனாயாம். "ஒரு முக்கியமான ஒலிபரப்பு" என்றாயாம். நீ கண்ணாடி முன்னால் நின்று, பெரிய இசை விருதை வாங்கிக்கொண்டு பேசிப் பழகியதை, ஒரு வார்த்தை வெட்டாமல், முழுசாகப் போட்டாயாம். கையில் பவுடர் டப்பாவை விருதாகப் பிடித்துக்கொண்டு. "இந்த விருதை நான் எதிர்பார்க்கவே இல்லை" என்று ஏழு விதமாகச் சொன்னாயாமே? நடுவில் நீயே வாயால் கைதட்டல் சத்தம் போட்டு, "போதும், போதும், உட்காருங்க" என்று கூட்டத்தை அமர்த்தினாயாமே?

அப்பா சிரித்ததில் நாற்காலி ஒரு காலில் நின்றதாம். மாமா இப்போது உன்னை 'நன்றியுரை' என்றுதான் கூப்பிடுகிறாராம். கேட்டுவிட்டு நீ காது சிவக்க நின்று, "அக்காவை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடறதை நிறுத்துங்க மாமா, இனிமே இந்தப் பேர் போதும்" என்றாயாம். அம்மா இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

நீ இதை எனக்கு எழுதவில்லை. தற்பெருமைக்கு இத்தனை பக்கம் இருந்தும் இதற்கு ஒரு பின்குறிப்புகூட இல்லை. அதனால்தான் நம்புகிறேன்.

மாமா இன்று காலை என்னை அழைத்து, என் பேரைச் சொன்னார். என் பேரே எனக்குப் புதிதாக இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். திருடிய முனகலை மறந்துவிடு. என் மருத்துவரிடம் கேட்டேன். அன்றைக்கு வார்த்தை வராத அதே மருத்துவரிடம்தான். "மேடம், என்னைப் பத்திச் சொல்றேன்னு அன்னைக்கு ஆரம்பிச்சு முடிக்கலை. நான் பாடுவேன். சாப்பாட்டு நேரத்துல அரைமணி நேரம் இந்த அறை வேணும்" என்றேன். ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அவர், "பாடுங்க, ஆனா மெஷின்ல எதையும் தொடாதீங்க" என்றார்.

உள்ளே உட்கார்ந்து கைப்பேசியில் பதிந்து, உன் பென் டிரைவிலேயே ஏற்றி அனுப்புகிறேன். முனகலும் இருக்கிறது, கூடவே ஒரு சரணம் நானே எழுதியிருக்கிறேன்:

எட்டாவது என் கையில,
எடுத்து வந்தது நான்தான்.
மாட்ட இங்கே ஆணி இருக்கு,
மாட்ட மனசு வரலைதான்.

ஆம், உன் எட்டாவது ஹேங்கர் என்னிடம்தான் இருக்கிறது. பெட்டியில் வெறும் ஹேங்கரை யாராவது வைப்பார்களா? நான் வைத்தேன். ஏன் என்று கேட்காதே. அதைப் பேனாவால் தட்டி, ஒரே ஒரு 'டிங்', தனியாகப் பதிந்திருக்கிறேன். கடைசிச் சுற்றில் எட்டாகிற அந்த இடத்தில் அதை வை. மற்ற எல்லா இடத்திலும் ஏழுதான், அங்கே மட்டும் எட்டு.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்டுக் கொடுப்பது இப்படித்தான் இருக்கும், பார்த்துக்கொள்.

அந்தச் சத்தம் என்ன என்று இன்னும் நீ சொல்லவில்லை.

அக்கா

*

ஜூலை 23

அக்கா! அக்கா! அக்கா! (இது எதிரொலி இல்லை. பாதியைக் குறைத்தாகிவிட்டது.)

பாட்டு போய்விட்டது. நானே கொண்டுபோய் வானொலி நிலைய வரவேற்பு மேசையில் கொடுத்தேன். அங்கே இருந்த அக்கா உறையின் பட்டனைப் பார்த்து, "யாரு தைச்சது?" என்றார். "எங்கள் நிறுவனத்தின் ஆடை வடிவமைப்பாளர்" என்றேன்.

உன் பதிவைக் கேட்டபோது முதலில் திகைத்துப்போனேன். உன் அறையில் ஒரு தூசிகூட மூச்சு விடவில்லை. நான் பாடுவது வீட்டில், நீ பாடுவது நிலாவில் என்பது போல இருந்தது. ஒட்டவே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் விடை கிடைத்தது: உன் சரணத்துக்கு அடியில் வீட்டைப் போட வேண்டும்! "அம்மா, இனிமே ரெக்கார்டிங் நேரத்துலதான் நீ தைக்கணும்" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் ஏழு எண்ண, அவள் ஏழுக்கு ஒரு மிதி. நாற்பது காலர்! முப்பத்தெட்டாவது காலரில் அச்சாக உட்கார்ந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் கழுத்து இந்த வருடம் என் தாளத்தில் நிற்கப்போகிறது.

மெஷின் சத்தம் வந்ததும் நீ வீட்டுக்குள் வந்துவிட்டாய். பாட்டுக்குள், சொல்கிறேன்.

படிவத்தில் மூன்று வரி. முதல் குரல் நான். இரண்டாவது குரல், இரண்டாவது சரணம், எட்டாவது ஹேங்கர்: நீ. மெஷின் அம்மா. "மெஷினுக்குக் குரல் உண்டாடா?" என்று கேட்டுக்கொண்டே பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்பாவுக்கு வருத்தம். அவர் சாவி சத்தத்தையும் திரும்ப உள்ளே வைத்தேன். நான்கு வரி.

அந்தச் சத்தத்தைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறாய். விளக்கம் இதோ: கேட்பவன் ஏழுக்குப் பழகி அயர்ந்திருக்கும் நேரத்தில், இசையமைப்பாளர் துல்லியமாகக் கணக்கிட்டு ஒரு மூச்சை இடைச்செருகுகிறார். தாளம் எட்டுக்குத் தாவுகிறது. காகிதத்தில் வரைபடம் போட்டுச் செய்தது. வரைபடம் தொலைந்துவிட்டது.

இப்படிக்கு,
கணித மேதையும் இசை விஞ்ஞானியுமான,
நன்றியுரை

*

ஆகஸ்ட் 18

என் செல்லக் குரங்கே,

உன் எண்ணை நேற்று பதினொன்று இருபதுக்கு விடுவித்துவிட்டேன். பதினொன்று இருபத்தொன்றுக்குள் உன்னிடமிருந்து நாற்பத்தாறு செய்தி. ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும். எழுதினால்தான் உறையில் போட்டு வைத்துக்கொள்ள முடியும்.

நேற்று காலை காத்திருப்புக் கூடத்தில் பன்னிரண்டு பேர். மருந்துக்கடைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தேன், பதினொரு மணிக்கு வானொலியைச் சத்தமாக வைத்தார். மூன்றாவது பரிசு, இரண்டாவது பரிசு என்று ஒவ்வொரு பாட்டாகப் போட்டார்கள். உன் பெயர் வரவில்லை. கையிலிருந்த கோப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஹேங்கர் சத்தம் வந்தது. அறிவிப்புக்கு முன்பே! டிங், டிங், டிங். எனக்குக் கால் தரையில் இல்லை. "என் தம்பி! அது என் தம்பி!" என்று கத்திவிட்டேன். காது கேட்காதவர்கள் கூடியிருக்கும் இடத்தில் கத்துவதில் ஒரு வசதி, யாரும் கோபப்படவில்லை. அந்த வெல்டர் காது மெஷின் வாங்க வந்திருந்தார். புதிதாக மாட்டிய மெஷினோடு முதல் பாட்டாக அதைத்தான் கேட்டார். என் சரணம் வந்ததும் என்னைப் பார்த்தார், கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "நீங்களா?" என்றார். தலையாட்டினேன். கையில் இல்லாத பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். மருத்துவர் அறைக்குள்ளிருந்து வந்து, அடுத்த நோயாளியைக் கூப்பிடாமல், பாட்டு முடியும்வரை கதவில் சாய்ந்து நின்றார்.

அதற்குப் பிறகு அந்த நடுவர் பேசியது உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: "ஏழு ஏழாப் போற பாட்டு. கடைசிச் சுத்துல ஒரு மூச்சு. அந்த மூச்சுலதான் எட்டாவது ஹேங்கர் வந்து சேருது. முப்பது வருஷமா தாளம் சொல்லிக் கொடுக்கறேன், இப்படி ஒரு இடத்துல மூச்சு விடணும்னு எனக்குத் தோணினதில்லை. இந்தப் பையன் எங்கே கத்துக்கிட்டான்னு தெரியலை."

முதல் பரிசு! நிஜ ஸ்டூடியோவில் ஒருநாள்! 'பாடியவர்கள் இருவரும் வர வேண்டும்' என்று நிலையத்திலிருந்து போன் வந்ததாக அம்மா சொன்னாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். அப்பா தன் பஸ்ஸிலேயே பாட்டைப் போட்டாராம், நிறுத்தத்தில் இறங்க வேண்டிய இரண்டு பேர் இறங்காமல் கேட்டார்களாம். அவர் நிறுத்தினாரா என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது கடைசி முறை கேட்கிறேன். மெல்லிய சத்தங்களைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அந்த மூச்சு வரைபடத்தில் போட்டதா?

அக்கா

*

ஆகஸ்ட் 22

அக்கா,

போனில் சொல்ல முடியாது, அதனால் மை.

முதலில் வெற்றிச் செய்திகள். மாமா தெருவில் போவோர் வருவோரை எல்லாம் நிறுத்தி, "நம்ம நன்றியுரை" என்று அறிமுகப்படுத்துகிறார். என் பள்ளி இசை ஆசிரியர் 'ஏழிலிருந்து எட்டுக்கு' என்று கரும்பலகையில் எழுதி வகுப்பே எடுத்தார். "எப்படிப்பா யோசிச்சே?" என்றார். நான் தாடையைத் தடவிக்கொண்டு, "உள்ளுணர்வும் கணக்கும் கலந்த ஒரு நிலை சார்" என்றேன். வகுப்பு கைதட்டியது. இந்த முறை வாயால் இல்லை, கையால்.

அந்த நிலையைப் பற்றி.

நீ ஊருக்குப் போன அன்று, அப்பா உன்னை ரயிலேற்றக் கூட்டிக்கொண்டு போனதும், அம்மா மெஷினில் உட்கார்ந்துகொண்டாள். தைக்கத் துணி இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. உன் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கேதான் சத்தம் வெளியே போகாது. எனவே அது ஸ்டூடியோவாக ஆரம்பிக்கவில்லை. அதற்கு வேறு உபயோகம் இருந்தது. அம்மா கேட்டால், "ரெக்கார்டிங்!" என்று சொல்வதற்காக மைக்கைக் கொண்டுபோனேன்.

ஹேங்கர்கள் என் தலையில் இடித்தன. தோள் குலுங்கும்போதெல்லாம் டிங். எண்ணிப் பார்த்தேன், ஏழு. மேதைமை இவ்வளவுதான். எட்டு இருந்திருந்தால் பாட்டு எட்டில் வந்திருக்கும். நீ ஒன்றைத் திருடியதால்தான் எனக்குப் பெயர்.

அதற்கப்புறம் தினமும் அந்த அலமாரியில்தான் வேலை. கடைசிச் சுற்றைப் பாடிக்கொண்டிருந்தபோது, தோள் இல்லை என்ற வரி வருவதற்கு முன்னால், மூக்கு ஒழுகிவிட்டது. உறிஞ்சினேன். எண்ணிக்கை தவறிவிட்டது. அதுதான் இரண்டு நிமிடம் பதினொன்று. முப்பது வருஷமாகத் தாளம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் வியந்து பாராட்டியது என் மூக்கை. இருபத்திமூன்று தடவை சுத்தமாகத் திரும்பப் பாடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக ஏழு. எதுவும் நன்றாக இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

கைப்பிடியும் என் காலில் விழவில்லை. நான் உள்ளே இருந்தேன், அம்மா வெளியே இழுத்தாள், நான் உள்ளிருந்து இழுத்துப் பிடித்தேன். அது அம்மா கையோடு வந்துவிட்டது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே, "நூல் மாத்தப் போறேன்டா, நீ ரெக்கார்டிங் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். மெஷின் ரொம்ப நேரம் ஓடவே இல்லை.

ஆகவே, உன்னை யாரும் தேடவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியதை வாபஸ் பெறுகிறேன்.

அந்த வெல்டர் சத்தம் வராமலே பொத்தானை அமுக்கினாரே, அதைப் படித்தபோது நமக்கும் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன். யார் என்று சொல்ல மாட்டேன்; நூல் மாற்றப் போனவர்.

வானொலிக்காரர்களிடம் ஒரே ஒரு திருத்தம் கேட்டிருக்கிறேன். விதி நான்கின்படி படிவத்தில் ஐந்தாவது வரி ஒன்று சேர்க்கச் சொன்னேன். வரவேற்பு மேசை அக்கா படித்துப் பார்த்து, "நிஜமாவே இதை எழுதணுமா?" என்றார். "விதின்னா விதி" என்றேன். 'மூக்குறிஞ்சல்' என்று எழுதி, எதிரே கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கைக்குட்டை கொண்டு வா. எனக்கில்லை, ஸ்டூடியோவுக்கு.

தம்பி